காற்று செய்த பாவம்

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் பக்கத்துச் சந்தாபுராவில் ஆனேக்கல் ரோடு பிரிகிற இடத்தில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் தீர்ப்பு சொல்லி முடித்திருந்தார்கள். குற்றவாளி, காற்று. கன்னடத்தில் சொன்னவர்கள் ‘காளி’ என்றார்கள். தர்மபுரிக்காரர் ‘காத்து’ என்றார். பீகார் பையன் ‘ஹவா’ என்று தலையாட்டினான். மூன்று மொழியிலும் அப்பீலுக்கு இடமில்லை.

முந்தின நாள் சாயந்திரம் ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு தேர்கள் சாய்ந்து விழுந்தன. ஒன்று ராயசந்திராவினுடையது, இன்னொன்று தொட்டநாகமங்களாவினுடையது. இரண்டுமே நூறடிக்கு மேல். மழையும் காற்றும் சேர்ந்து அடித்த நேரம். இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஓசூரிலிருந்து திருவிழா பார்க்க வந்தவர். அன்றிரவு எல்லோருடைய போனிலும் ஒரே வீடியோதான்: வண்ணத்துணி சுற்றிய கோபுரம் ஒரு கணம் யோசிப்பது போல நிற்கிறது, பிறகு மெதுவாகச் சாய்கிறது, கூட்டம் சிதறுகிறது.

ஹுஸ்கூரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, சந்தாபுராவுக்கு முன்னால், ஹுஸ்கூர் கேட்டில் உள்ளே திரும்பினால் வருகிற ஊர். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் இப்போது ஒரு நிலையத்துக்கே ‘ஹுஸ்கூர் ரோடு’ என்று பெயர். மத்தூரம்மா அந்த வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் காவல் தெய்வம். பங்குனி வெயிலில் வரும் ஜாத்திரைக்குச் சுற்றுப்பட்டு ஊர்கள் தங்கள் தங்கள் தேரைக் கட்டிக்கொண்டு அம்மனைப் பார்க்க வருகின்றன. தேர் கோயிலுக்குச் சொந்தம் இல்லை, ஊருக்குச் சொந்தம். உள்ளூரில் அதற்குக் குர்ஜு என்று பெயர். மரச்சட்டத்தின் மேல் சட்டம், அடுக்கின் மேல் அடுக்கு, சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணி. மாடுகளும் டிராக்டர்களும் முன்னால் இழுக்க, நாலு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் நடந்து வருவார்கள். கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்களின் பின்னணியில் அந்த வண்ணக் கோபுரம் ஆடி ஆடி நகர்ந்து வருவதை ஒரு முறை பார்த்தவன் மறக்க மாட்டான். நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும், பரம்பரையாக நடக்கிறது, இந்த வருஷம் நேரம் சரியில்லை’ என்பது டீக்கடையின் கருத்து மட்டுமல்ல. தேர் சாய்ந்த செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் இதே வாக்கியம்தான் பின்னால் வருகிறது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. யார் மேலும் பழி இல்லை. ஆனால் அது உண்மை இல்லை என்பதோடு, அந்தத் தேரையே ஒரு நாள் இல்லாமல் ஆக்கிவிடப் போவதும் இந்த ஆறுதல்தான்.

காற்றை முதலில் விசாரிப்போம். 2024 ஏப்ரல் 6, அதுவும் சனிக்கிழமைதான். இதே ஜாத்திரைக்கு ஹீலலிகே ஊர்க்காரர்கள் கொண்டுவந்த சுமார் 120 அடித் தேர் வழியில் சாய்ந்து விழுந்தது. ஹீலலிகே எங்கோ இல்லை, நம் சந்தாபுராவுக்கு ரயில் ஏறுகிற இடம். அன்று யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அம்மன் புண்ணியம். அந்த ஏப்ரல் எப்படிப்பட்ட ஏப்ரல்? பெங்களூர் முழுக்கத் தண்ணீர் லாரிக்காகத் தவம் கிடந்த கோடை. போர்வெல்கள் வற்றி, அபார்ட்மெண்டுகளில் வாளிக் கணக்கு நடந்த கோடை. நகரத்தின் வானிலை மையத்தில் ஏப்ரல் மாதம் முழுக்க மழையே பதிவாகாமல் போனது நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் முறை என்று எழுதினார்கள். மழைக்காற்றைக் கூண்டில் ஏற்ற அந்த வருஷம் வழியே இல்லை. மழை வந்த வருஷமும் தேர் விழுந்தது, வராத வருஷமும் விழுந்தது. இரண்டு வருஷத்துக்கும் பொதுவாக இருந்தது உயரம் ஒன்றுதான்.

சரி, 2025-இல் காற்று அடித்தது நிஜம். அது எதிர்பாராத காற்றா? மார்ச், ஏப்ரலில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு மேல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று, பின்னாலேயே இடி, அரை மணி நேர மழை. பெங்களூரில் ஒரே ஒரு கோடை கழித்தவனுக்குக்கூட இது தெரியும். மாங்காய் மழை என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம். மாந்தோப்புக்காரன் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடுகிறான், செங்கல் சூளைக்காரன் தார்ப்பாய் வாங்கி வைக்கிறான், துணி காயப்போட்ட பெண் மூன்றரைக்கே மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். பெயர் வைத்து அழைக்கிற அளவுக்குப் பழகிய விருந்தாளி வந்து கதவைத் தட்டியதை விபத்து என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

டீக்கடையில் என்னோடு வாதாடிய தர்மபுரிக்காரர் பொம்மசந்திராவில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வெல்டர். இருபது வருஷத் தொழில். அவரிடம்தான் முதலில் கேட்டேன், ‘அண்ணே, நீங்க ஷெட்டுக்குத் தூண் நிறுத்தும்போது அடி அகலம் பார்ப்பீங்களா மாட்டீங்களா?’ முறைத்தார். பார்க்காமலா!

பார்சல் கட்டுகிற பேப்பரில் ஒரு முக்கோணம் போட்டேன். தேரின் அடி 16 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம், உயரம் 120. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் ஒரே ஒரு அடி பள்ளத்தில் இறங்குகின்றன. மேலே உச்சி எவ்வளவு நகரும்? 120-ஐ 16-ஆல் வகுத்தால் ஏழரை. கீழே ஓர் அடி, மேலே ஏழரை அடி. நம் ரோடுகளில் ஓர் அடிப் பள்ளத்துக்குப் பஞ்சமா? அதே அடி அகலத்தில் தேர் 60 அடியாக இருந்தால் உச்சி நகர்வது மூன்றே முக்கால் அடிதான், கனமும் அவ்வளவு மேலே ஏறி நிற்காது. பள்ளமும் சக்கரமும் மாறவில்லை. மாறியது நம் ஆசை.

காற்றின் கணக்கு இதைவிடப் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். அந்தக் கோபுரம் முழுக்கச் சுற்றியிருப்பதோ துணி. நூறடி உயரத்துக்குத் துணியை விரித்துக் கட்டினால் கடற்கரைக்காரன் அதற்குப் பாய் என்று பெயர் சொல்லுவான். நாம் பாய்மரத்தை நிறுத்திவிட்டுக் காற்றைத் திட்டுகிறோம்.

‘கயிறு பிடிக்கிறாங்களே’ என்றார் அவர். பிடிக்கிறார்கள்தான். அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கயிறு இழுக்கும், தள்ளாது. வலது பக்கம் சாய்கிற தேரை இடது பக்கத்து ஆட்கள் மட்டுமே நிறுத்த முடியும். வலது பக்கத்து ஆட்களுக்கு அந்த நொடியில் கயிற்றை விட்டுவிட்டு ஓடுவது ஒன்றுதான் வேலை. திறந்த வயலில், 80 அடி உயரத்தில் கட்டிய கயிற்றை 80 அடி தள்ளி நின்று பிடித்தால் நல்ல பிடி கிடைக்கும். இரண்டு பக்கமும் வீடும் காம்பவுண்டும் எழுந்துவிட்ட ரோட்டில் தேரிலிருந்து 20 அடிக்கு மேல் விலகி நிற்க இடம் ஏது? கயிறு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகத் தொங்கும். பத்துப் பேர் தம் கட்டி இழுத்தாலும் பக்கவாட்டில் போய்ச் சேருவது இரண்டரைப் பேர் பலம்தான். மீதியெல்லாம் தேரைத் தரையை நோக்கி அமுக்குவதில் வீணாகிறது. வயல்களின் நடுவே வந்த தேருக்கு ஏற்ற கயிறு, லேஅவுட்டுகளின் நடுவே வரும் தேருக்குப் போதாது. ஊர் மாறிவிட்டது. இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டாம், மழையில் நனைந்த வடத்தைப் பிடித்து உள்ளங்கை உரிந்த எந்தப் பையனும் சொல்வான்.

இந்த இடத்தில் வழக்கமாக வருகிற அடுத்த பதில், ‘முன்னோர் செய்தது, மாற்றக் கூடாது.’ நல்லது, முன்னோர் செய்ததை எல்லாம் வரிசையாக எடுத்துக்கொள்வோம். முன்னோர் டிராக்டர் பூட்டினார்களா? எல்.இ.டி. சரம் தொங்கவிட்டார்களா? ஒவ்வொரு அடுக்கிலும் லோக்கல் தலைவரின் சிரித்த முகத்தோடு ஃபிளெக்ஸ் கட்டினார்களா? தேர் வரும் வழியில் கரண்டை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்களா? இதையெல்லாம் மாற்றிக்கொண்டபோது பரம்பரை கெடவில்லை. உயரத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கெட்டுவிடுமாம். எங்கள் ஊர்க் குர்ஜு உங்கள் ஊர்க் குர்ஜுவைவிட ஒரு முழம் கூட என்கிற போட்டிதான் இந்த உயரத்துக்குக் காரணம் என்பது வட்டாரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிற விஷயம். போட்டிக்குப் பரம்பரை என்று பெயர் மாற்றினால் கேள்வி கேட்க முடியாது என்பது பழைய தந்திரம்.

மதுரையை நினைத்துப் பாருங்கள். இன்று உலகமே பார்க்கிற சித்திரைத் திருவிழா, மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் அடுத்தடுத்து வருகிற அந்த வரிசை, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கொண்டுவந்த ஏற்பாடு. மாசியில் நடந்த கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தினார். தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்குக் கொண்டுவந்தார். மாசி அறுப்புக் காலம், பெரிய தேரை இழுக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் மாதம் மாற்றினார் என்றும் ஒரு காரணம் சொல்வார்கள். தேருக்காகச் சாமி கல்யாணத்தின் மாதத்தையே மாற்றிய ஊர் அது. யாரும் சாபம் விடவில்லை. கொரோனாவில் 2020-லும் 2021-லும் அழகர் வைகைக்கே வரவில்லை, எல்லாம் கோயிலுக்குள்ளேயே முடிந்தது. 2022-இல் இறங்கியபோது கூட்டம் குறைந்தா போயிற்று?

உயரமே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி, சுமார் 300 டன். ஆனால் அதன் உடம்பைப் பாருங்கள். கீழே கிட்டத்தட்ட 30 அடிக்குச் சிற்பம் செதுக்கிய மரம், எடையெல்லாம் அங்கேதான். அதற்கு மேல் மூங்கில், பனை வாரை, துணி. யானை உட்கார்ந்துகொண்டு தலையில் பூக்கூடை வைத்திருப்பது போல. அதற்கும் ஆபத்து வராமல் இல்லை. 1920-களில் தீப்பிடித்து எரிந்தது, புதிதாகச் செய்தார்கள், ஓடியது, பிறகு 1948-க்குப் பின் நின்றது, 1970-இல் மறுபடி ஓடியது. அதற்குப் பிறகு அதன் காலில் திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும். மரச்சக்கரம்தான் பரம்பரை என்று தேரில் வரும் தியாகேசர் அடம் பிடிக்கவில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் குனிந்து நடக்கிறார்கள். பிரேக் வந்தபின்னும் அந்தக் கட்டை போகவில்லை. பழசும் புதுசும் ஒரே தேரில் வேலை செய்கின்றன.

‘அது ஆகமக் கோயில், பெரிய இடம், இது ஊர் அம்மன்’ என்பார்கள். அப்படியானால் கேரளத்துச் செட்டிகுளங்கரைக்குப் போங்கள். கும்பப் பரணிக்கு 13 கரைக்காரர்கள், கரை என்றால் நம் ஊர் மாதிரி, தாங்களே கட்டிய குதிரையும் தேருமாகப் பகவதி முன்னால் வந்து நிற்கிறார்கள். பீமன் ஒரு கரைக்கு, அனுமன் ஒரு கரைக்கு. அங்கே ஒரு கரையின் பெருமை உயரத்தில் மட்டும் இல்லை, எந்த உரு யாருடையது என்பதிலும் இருக்கிறது. ஹுஸ்கூரிலோ ஊருக்கு ஊர் வேறுபாடு என்பது அடிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. வேலைப்பாடு பார், வண்ணம் பார், எங்கள் மாட்டைப் பார் என்று காட்ட எத்தனையோ இருக்க, டேப்பை மட்டும் நீட்டுகிறோம்.

எதிர்ப்பக்கத்தையும் விட்டுவைக்கக் கூடாது. 23-ஆம் தேதி டீக்கடை காற்றைத் திட்டிய அதே நேரத்தில், சூர்யா நகர் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழு ஒன்று ஜாத்திரையையே தடை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டுமிராண்டித்தனம், டிராஃபிக், சத்தம், மூடநம்பிக்கை. இரண்டு வருஷம் முன்னால் வீடு வாங்கி வந்தவர்கள், பல தலைமுறையாக ஏதோ ஒரு வடிவில் நடக்கும் ஊரின் சந்தோஷத்தைத் தங்கள் கேட்டுக்கு வெளியே கொட்டிய குப்பை மாதிரி பேசினார்கள். சந்தாபுரா ஏரியைக் கெட விட்டவர்களில் நாமும் உண்டு. 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது அந்த ஏரிக்காகத்தான். அப்போது இந்தக் குழுவில் இவ்வளவு கோபம் இல்லை. போகட்டும். நான் கவனித்தது வேறு. டீக்கடையும் வாட்ஸப்பும் ஒரே விஷயத்தை நம்புகின்றன. 120 அடி உயரம்தான் இந்த வழிபாடு என்று. ஒருவர் அதனால் காப்பாற்ற வேண்டும் என்கிறார், மற்றவர் அதனால் ஒழிக்க வேண்டும் என்கிறார். உயரத்தை வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க இருவருக்கும் மனசில்லை.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை இருக்கிறது. கோகுலாஷ்டமி தயிர்ப்பானைக்கு மனிதக் கோபுரம் ஏறுகிறவர்கள் அடுக்குக்கு மேல் அடுக்காகப் போட்டியை வளர்த்தார்கள், பரிசுத் தொகையும் வளர்ந்தது, எலும்புகளும் முறிந்தன. 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் 20 அடிக்கு மேல் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாரும் ஏறக் கூடாது என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்த மறுத்தது. மறு வருஷம்தான் உயர வரம்பு நீங்கியது, அதுவும் பாதுகாப்புக்கு அரசு வாக்குக் கொடுத்த பிறகு. ஊர் போட வேண்டிய கோட்டை ஊர் போடாவிட்டால் கோர்ட் போடும். கோர்ட் போடுகிற கோட்டுக்கு ஊரின் மனசு தெரியாது.

ஜல்லிக்கட்டு எப்படித் தப்பியது? 2014-இல் தடை, 2017-இல் மெரினா போராட்டம். ஆனால் மெரினா மட்டும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு சட்டத் திருத்தம், விதிமுறைகள், தடுப்பு வேலி, காளைக்கு மருத்துவப் பரிசோதனை, வீரருக்கு மருத்துவக் குழு. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் கர்நாடகத்தின் கம்பளாவையும் சேர்த்தே அனுமதித்தபோது, கையில் இந்த விதிகள் இருந்தன. அலங்காநல்லூர்க்காரர்கள் வேலி போட்டதால் வீரம் குறைந்தவர்கள் ஆகிவிட்டார்களா?

தமிழ்நாட்டுக்காரன் கர்நாடகத்துக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். நம் கையிலும் ரத்தம் உண்டு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் செத்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. ஒன்றரை மாதம் கழித்து ஜூன் 13, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து மாதேஹள்ளியில் காளியம்மன் தேர் கவிழ்ந்து இரண்டு பேர். வெல்டர் அண்ணனின் ஊர் அங்கிருந்து ஏழெட்டு மைல். அதைச் சொன்னதும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசி வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தொடப் பலருக்குக் கூச்சம். ‘அம்மா பார்த்துக்குவா.’ நானும் அவளைக் கும்பிடுகிறவன், அதனால் சொல்கிறேன். ஊர்க்காவல் தெய்வத்தின் வேலை என்ன? காய்ச்சல், கொள்ளை நோய், பஞ்சம், களவு இவற்றிலிருந்து ஊரைக் காப்பது. அவள் முன்னால் ஊர்ப்பிள்ளையைப் பலி கொடுக்கிற மாதிரி ஒரு கோபுரத்தை ஆட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, ‘இதிலிருந்தும் நீயே காப்பாற்று’ என்பதற்குப் பக்தி என்று பேர் இல்லை. வேலைக்காரியிடம்கூட இவ்வளவு அதிகாரமாகப் பேசினால் நின்று முறைப்பாள். குர்ஜு அம்மனுக்கு ஊர் எடுத்துவரும் சீர். தாய்வீட்டுச் சீரை உயரம் அளந்து வாங்கிய அம்மனை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே வேண்டியது சின்னதுதான். அடி அகலத்துக்கு இத்தனை மடங்குக்கு மேல் உயரம் இல்லை என்று தேர் கட்டும் எல்லா ஊர்ப் பெரியவர்களும் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு கணக்கு முடிவு செய்ய வேண்டும். எடை கீழே இருக்கட்டும். காற்று கிளம்பினால் அவிழ்த்துவிடுகிற மாதிரி துணியைக் கட்டட்டும். தேர் விழக்கூடிய தூரத்துக்குள் வேடிக்கை பார்க்கிறவன் நிற்கக் கூடாது. 120 அடித் தேருக்கு 120 அடி தள்ளி நிற்க நம் ரோட்டில் இடமில்லை என்றால், அந்த ரோட்டுக்கு 120 அடித் தேர் இல்லை. அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் அன்று டீக்கடையில் இத்தனை கோர்வையாகச் சொல்லவில்லை. பாதி அந்தப் பேப்பரில் முக்கோணமாகவும் கோடாகவும்தான் கிடந்தது. வெல்டர் அண்ணன் அதை எடுத்து நேராகப் பிடித்துப் பார்த்தார். ‘அப்ப அறுபதடி போதும்கிறீங்க.’

‘போதும்ணே. அறுபதே பெரிசு.’

பக்கத்தில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த இளைஞன் இதுவரை பேசவே இல்லை. அவன் ஊரும் தேர் கட்டுகிற ஊர்தான். முந்தின நாள் கயிறு பிடித்திருந்தான் போல, வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. பேப்பரை எட்டிப் பார்த்தான். கணக்குப் புரிந்தது என்று தலையசைத்தான். பிறகு அரைத் தமிழிலும் அரைக் கன்னடத்திலும் சொன்னான்:

‘சரி சார். மொதல்ல அவங்க ஊர்க்காரங்க கொறைக்கட்டும். அப்புறம் நாங்க கொறைக்கிறோம்.’